கை ஊன்றாமல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. "கல்லு மாதிரி இருக்கேன்" என்றுதான் நீ எப்போதும் கடிதத்தைத் தொடங்குவாய். என்னால் இந்த முறை அப்படித் தொடங்க முடியவில்லை. இது என் இடது கை எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் மறுபடி எழுது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது. நான் விழவில்லை. இறுகிப்போன ஜன்னலைத் தள்ளினேன், அவ்வளவுதான். கண்ணாடி தப்பித்தது, கை உடைந்தது.

அம்மா நலம். கண் கொஞ்சம் மங்கல். காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. அங்கே வீட்டில் எல்லாரும் சுகமா? மகளுக்குப் புது வேலை பழகிவிட்டதா?

போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் "சரி சரி, அப்புறம்" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் முழுதாகப் படித்துவிட்டுத்தான் கோபப்படுவாய்.

கட்டுப் போட்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். "ஜன்னலைத் தள்ளி எலும்பு உடையக் கூடாதே, டீச்சர்" என்றாள். என் பிடரியில் திரண்டிருக்கும் சதையைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றில் ஊதா நிறத்தில் வரி வரியாக இருக்கிறதா, லேசாகத் தட்டினாலே கன்றிப்போகிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பத்து வருஷமாய் ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர் என்று அலைந்தேனே, எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: வாயைக் கட்டுங்கள், நடங்கள். கட்டினேன், நடந்தேன், இன்னும் ஊதினேன்.

ஒரு முழு நாள் போகிற சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, எண்ணெயா?" என்றார். "வீட்டுத் தயாரிப்பு" என்றேன். பிறகு ரத்தம், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று.

விஷயம் இதுதான். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்று. அதில் கார்டிசால் என்கிற ஹார்மோன் சுரக்கிறது. பள்ளிக்கூடத்து மணியை நினைத்துக்கொள். தலைமையாசிரியர் சொன்னால்தான் பியூன் அடிக்க வேண்டும். பியூன் தன் பாட்டுக்கு நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் பள்ளிக்கூடம் உருப்படுமா? என் இரண்டு தொப்பியிலும் கட்டிகள். புற்று இல்லை. ஆனால் மணி நிற்பதே இல்லை. அது முகத்தையும் வயிற்றையும் உப்ப வைக்கும். கை காலை இளைக்க வைக்கும். எலும்பை அரிக்கும். தொடையின் பலத்தைத் தின்னும்.

இரண்டு பக்கமும் இருப்பதால் குடும்பத்தில் வருவதாக இருக்கலாம் என்றாள். "உங்க வீட்டில் இந்த முகம் வேற யாருக்கு?"

"அப்பாவுக்கு" என்றேன். "இப்போது என் தம்பிக்கு."

அப்பா பேச்சு உனக்குப் பிடிக்காது. தெரிந்துதான் எடுக்கிறேன். ஒன்றே ஒன்று செய். கை வைக்காத நாற்காலியில் உட்கார். கைகளை மார்பில் கட்டிக்கொள். ஊன்றாமல் எழுந்திரு. எழ முடிந்ததா இல்லையா என்று மட்டும் எழுது.

எல்லாருக்கும் என் அன்பு. கோணல் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீயும் இப்படித்தான் எழுதுவாய்.

அக்கா


மார்ச் 29

டீச்சரக்காவுக்கு,

தம்பி வணக்கம். கல்லு மாதிரி இருக்கேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம். பொண்ணு சம்பளம் வாங்க ஆரம்பிச்சதிலிருந்து என்னை அதட்டுற வேலையையும் அவளே எடுத்துக்கிட்டா. அம்மா சௌக்கியமா? கை தேவலையா?

கேன் கதையைப் படிச்சுக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கட்டியை எடுத்துடு. பயப்படாதே. ஸ்கூலைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரையே நிக்க வச்சுக் கேள்வி கேட்டவ நீ.

ஆனா என்னை உன் பாடத்துல சேர்க்காதே. அம்பது வயசுல வயிறு போடறது உலக அதிசயமா? நம்ம வீட்டு முகமே உருண்டை. நான் கட்டிங் மாஸ்டர். வயிறு ஒரு சுத்து பெருத்தா சட்டையை ஒரு சுத்து பெருசா வெட்டிக்கிறேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு சட்டைகூட இறுகினதில்லை. அப்புறம் என்ன நோய்?

அவர் பேச்சை எடுத்துட்டே, அதனால சொல்றேன். அவர் முகம் ஏன் சிவந்துச்சுன்னு தெருவுக்கே தெரியும். டிரைவர் சீட்டுக்கு ஏற முடியாம பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்தாரு. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தாங்க. குடிச்சிருக்கார்னு டிப்போவில சீட்டைக் கிழிச்சாங்க. நீ அப்போ டீச்சர் ட்ரெயினிங்ல, ஹாஸ்டல்ல இருந்தே. அந்தத் தெருவுல நடந்தவன் நான். என் பேரே போயி 'தள்ளாட்டம் மகன்'னு ஆச்சு. இந்த வயசு வரைக்கும் ஒரு சொட்டு நாக்குல வச்சதில்லை. அந்த வைராக்கியம் ஒண்ணுதான் அவர் எனக்குக் கொடுத்தது.

இங்க வேலை நல்லாப் போகுது. பிசிறு எடுக்கிற பொம்பளைங்க வாயைக் கேட்டுக்கிட்டிருந்தா பொழுது போறதே தெரியலை. சட்டையில நீட்டிக்கிட்டிருக்கிற நூலை வெட்டறதோட ஊர்ல இருக்கிறவங்க மானத்தையும் சேர்த்து வெட்டறாங்க.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. எழுத்து திரும்பிவிட்டது பார். அம்மா வழக்கம் போல. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விட்ட கேள்விக்கு விடை தெரியாமல் இருக்காது. நாற்காலி என்ன ஆயிற்று?

இன்னொன்று. வெட்டு மேசை மாடியில், பிசிறு எடுக்கும் இடம் கீழே என்று நீதான் முன்பு எழுதினாய். மாடியில் நிற்க வேண்டிய கட்டிங் மாஸ்டருக்குக் கீழே என்ன பொழுதுபோக்கு?

என் ரத்தத்தைப் பெரிய பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறக்கும்போதே உள்ளே இருக்கும் ஒரு பிழை, பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது, என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். "எத்தனை பாட்டில் வேணும், எடுத்துக்கோ. அவர் குடிக்கலைன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தனும் நம்பலை. என் ரத்தம் சொன்னா நம்புவானுங்களா பார்க்கலாம்." ரத்தம் எடுக்க வந்த பையன் விரல் நீளக் குழாய் ஒன்றைக் காட்டி, "இது போதும் பாட்டி" என்றான்.

அம்மாவிடம் அந்தப் பிழை இல்லை. அப்படியானால் அப்பாதானே என்று டாக்டரிடம் கேட்டேன். அவள் அவசரப்படுகிறவள் இல்லை. "உங்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கவும் கூடும், டீச்சர். தம்பிக்கும் இதே பிழை இருந்தால் சந்தேகமில்லாமல் சொல்லலாம்" என்றாள். ஒரு தொட்டி, இரண்டு குழாய். தொட்டித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஒரு குழாயில் நல்ல தண்ணீர். தொட்டியே உப்பைக் கக்குகிறதா, அல்லது இன்னொரு குழாயா? அதே இரண்டு குழாயில் நிரம்பும் பக்கத்துத் தொட்டியையும் நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்துத் தொட்டி நீ.

அப்பா விழுந்த அன்று அவர் வாயில் கிராம்பு இருந்தது. பல்வலிக்கு அம்மா கொடுத்தது. வாசனையை மறைக்க மென்றார் என்று டிப்போவில் சொன்னார்கள். உனக்கு இது யாரும் சொன்னதில்லை. சொல்ல வந்தபோதெல்லாம் நீ எழுந்து வெளியே போய்விடுவாய். இப்போது கடிதத்திலிருந்து எழுந்து போக முடியாது.

எனக்கு உன் உயிர் முதலில், அப்பாவின் பேர் அடுத்தது. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசிதான். போய்க் குத்திக்கொள்.

எனக்கு ஆபரேஷன் இருக்கிறது. பெரிய விஷயம் இல்லை.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

சௌக்கியம். சௌக்கியம்னா சௌக்கியம்தான். அங்க எல்லாரும் அப்படியே இருக்கணும்.

நான் எங்க உட்கார்ந்து வேலை செய்யறேன்கிறது என் விஷயம்.

அவருக்குச் சாட்சி சொல்ல நான் கையை நீட்ட மாட்டேன். கிராம்பாம். நாளைக்கு ஏலக்காய்னு சொல்லுவீங்க. போனவருக்கு நல்ல பேர் வாங்கணும்னா நீயும் அம்மாவும் வாங்கிக்கோங்க. அந்தத் தெருவுல நான் பட்டதை எந்த ஊசி எடுக்கும்? ஒருத்தன் முகம் சிவப்பா இருந்தா அவன் கதையை ஆளாளுக்கு எழுதறீங்க. அங்க நீ, இங்க இவங்க.

என்னைத் தொட்டின்னு சொன்னதுக்கு வீட்ல மூணு நாள் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

ஆபரேஷன் என்னைக்குன்னு எழுது. வேணும்னே நீ எழுதலை.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

ஆபரேஷன் முடிந்துவிட்டது. தேதி எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பாய், என் படுக்கைக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாய். பேசாத தம்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இரண்டு சுரப்பியையும் எடுத்துவிட்டார்கள். மாத்திரை இனி ஆயுளுக்கும். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து என்று அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கைப்பையில் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், லேசாக இல்லை. இத்தனை வருஷம் ஓயாமல் அடித்த மணி நின்றதும் பள்ளிக்கூடமே திகைத்துப்போன மாதிரி உடம்பு கிடக்கிறது. மூட்டெல்லாம் அடித்துப் போட்ட வலி. பல் தேய்த்தால் களைப்பு. அம்மா இந்த வயதில் எனக்குத் தலை வாரி விடுகிறாள். வாரிக்கொண்டே டிப்போக்காரர்களைத் திட்டுகிறாள். திட்டுக்குத் தகுந்த மாதிரி சீப்பு இழுக்கிறது. ஆனாலும் கேள், நேற்று கண்ணாடியில் எனக்குத் தாடை எலும்பு தெரிந்தது! எனக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

"இங்க இவங்க" என்று எழுதினாயே, யார் அவர்கள்? உன்னைப் பற்றி என்ன கதை எழுதுகிறார்கள்?

இதற்கு மேல் பாடம் நடத்தப் போவதில்லை. அம்மாதான் தடுத்துவிட்டாள். "அவனுக்கு எழுதாதே. எழுதினா எதிர்த்து எழுதுவான். அவர் சட்டையை அனுப்பு. சட்டையை என்னன்னு எதிர்ப்பான்?" என்றாள். அப்பாவின் யூனிபார்ம் சட்டை பார்சலில் வருகிறது. அவர் கடைசியாகப் போட்டது. அவர் உடம்பு மாற மாற அம்மா கையாலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தது. நான் பார்த்தால் அது ஒரு பழைய சட்டை. நீ துணி பார்க்கத் தெரிந்தவன்.

வீட்டில் எல்லாருக்கும் என் ஆசி. மகளிடம் எனக்குத் தாடை வந்த செய்தியைச் சொல்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கு? மாத்திரையை மறக்காதே. நடக்கும்போது அம்மாவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ.

சட்டை வந்துச்சு. கொஞ்ச நாள் பிரிக்காம அலமாரி மேல வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை வீட்ல யாரும் இல்லாதப்ப எடுத்தேன்.

வெட்டு மேசையில விரிக்கிற மாதிரி விரிச்சேன். காலருக்குக் கீழ பின்பக்கம் பிறை மாதிரி ஒரு ஒட்டுத் துணி வச்சிருக்கு, பிடரிச் சதைக்கு இடம் விட்டு. பக்கத் தையலைப் பிரிச்சு விட்டு, அது போதாம மறுபடி பிரிச்சு விட்டிருக்கு. பழைய ஊசித் துளை வரிசை வரிசையா அப்படியே இருக்கு. மேல்கையை உள்ளே பிடிச்சுத் தைச்சிருக்கு. வயிறு பெருக்கப் பெருக்கக் கை சிறுத்துக்கிட்டே போயிருக்கு. பெருத்த மனுஷனுக்கு எல்லாமே பெருக்கும் அக்கா. கையைக் குறைச்சு, பிடரிக்கு ஒட்டுப் போட்டு, வயித்தைப் பெருசாக்கி இந்த உலகத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் நான் வெட்டியிருக்கேன். எனக்கு.

போட்டுப் பார்த்தேன். ஒரு பொத்தான்கூட இழுக்கலை. என்னை நிக்க வச்சு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு.

நாற்காலிக் கேள்விக்குப் பதில். மார்ச்சிலேயே உட்கார்ந்து பார்த்தேன். எழ முடியலை. ரெண்டாவது தடவையும் முடியலை. முட்டியில கையை ஊன்றித்தான் எழுந்தேன்.

இங்க 'இவங்க' யாருன்னு கேட்டியே. வருஷ ஆரம்பத்துல கம்பெனி மாடிப்படியில கால் மடங்கி விழுந்தேன். முகம் சிவப்பு, நடை தள்ளாட்டம். முதலாளிக்கு வேற என்ன தோணும்? வெட்டு மெஷின்கிட்ட குடிகாரனை விட முடியாதுன்னு கீழே பிசிறு எடுக்க உட்கார வச்சாரு. தினமும் வாசல்ல காவல்காரர் குடிச்சிருக்கேனான்னு பார்க்கிற கருவியை நீட்டி ஊதச் சொல்லுவாரு, ஊதிட்டுத்தான் உள்ள போவேன். கருவியில ஒண்ணும் வராது. வரலைன்னா, "பழகின ஆளு, மறைக்கத் தெரியும்"னு சிரிப்பாங்க. அவருக்காவது கிராம்பு இருந்துச்சு. எனக்கு அதுகூட இல்லை.

வீட்ல யாருக்கும் சொல்லலை. பெல்ட்டுல கத்தரி தொங்க விட்டுக்கிட்டு மாஸ்டர் மாதிரியே கிளம்பிப் போறேன்.

ஊசி எங்க குத்திக்கணும், எழுது.

தம்பி


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கைக்கு வந்ததும் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரிகளை அடுத்த கடிதத்தில் இரண்டு மடங்காக வைத்துக்கொள்.

டாக்டர் உனக்காக எழுதிக் கொடுத்த குறிப்பு இதோடு இருக்கிறது. உங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் டாக்டர் யார் என்று கேட்டு, நேரே அவரிடம் போ. "அக்காவுக்கு இருக்கிறது, எனக்கும் பாருங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல். பத்து வருஷம் நான் சுற்றிய சுற்றை நீ சுற்ற வேண்டாம். மகளையும் அழைத்துப் போ. அவளுக்கும் பார்க்க வேண்டும். அவளிடம் மறைத்தால் இதைவிடப் பெரிய கோபம் எனக்கு வரும்.

அம்மாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். சட்டையைப் பற்றி எழுதிய இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். நாற்காலி வந்தபோது, "என் பிள்ளைக்குக் கால் எழலையாமா?" என்றாள். ஊதச் சொன்ன இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த முதலாளி விலாசத்தை எழுதச் சொல்லு."

"எதுக்கும்மா?"

"நான் ஒரு கடிதம் போடணும்."

"உனக்குத்தான் எழுதக் கண்ணு தெரியாதே."

"நீ எழுது. கெட்ட வார்த்தையெல்லாம் நான் சொல்றேன்."

விலாசம் அனுப்பாதே. நான் டீச்சராக இருந்தவள், அதையெல்லாம் எழுத முடியாது.

உன் கத்தரியைப் பத்திரமாக வைத்திரு. தேவைப்படும்.

அக்கா


செப்டம்பர் 12

டீச்சரக்காவுக்கும் அம்மாவுக்கும்,

ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? அக்கா, மூட்டு வலி குறைஞ்சுதா? அம்மா சீப்பை மெதுவா இழுக்கிறாங்களா? வட்டியோட விசாரிச்சுட்டேன்.

எனக்கும் இருக்கு. உனக்கு இருக்கிற அதே பிழை. ரெண்டு பக்கமும் கட்டி, இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவு. அதை மட்டும் இப்போ எடுத்துட்டு, இன்னொண்ணைப் பார்த்துக்கலாம்கிறாங்க. வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். தேதியைச் சொல்லிட்டேன், உன்னை மாதிரி இல்லை.

பொண்ணுக்கும் அந்தப் பிழை வந்திருக்கு. கட்டி இன்னும் வரலை. வருஷா வருஷம் பார்த்துக்கணும். நான் தலையில கை வச்சு உட்கார்ந்தேன். அவ அதட்டினா: "எழுந்திருப்பா. தாத்தாவுக்கு என்னன்னே தெரியாம போச்சு, உனக்கு அம்பதுல தெரிஞ்சுது, எனக்கு இப்பவே தெரியும். வரட்டும், வாசல்லயே வச்சுப் பிடிச்சுக்கறேன்." உன் வாய் அப்படியே வந்திருக்கு அவளுக்கு.

இப்போ கம்பெனிக் கதை. ரிப்போர்ட்டும் ஸ்கேன் படமும் எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனேன். காவல்காரர் கருவியை நீட்டினாரு. "இன்னைக்கு ஊதறதா இல்லை, முதலாளியைக் கூப்பிடுங்க"ன்னு நின்னேன். எனக்குப் பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போச்சு. முதலாளி இறங்கி வந்தாரு.

"என்ன மாஸ்டர், காலங்காத்தாலே தகராறு?"

"தகராறு இல்லைங்க, பாடம். எங்கக்கா டீச்சர்." படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சேன். "இந்த உருண்டை தெரியுதா? இதனாலதான் முகம் சிவப்பு, கால் தள்ளாட்டம். இதைப் பாட்டில்ல ஊத்தி விக்கிறதில்லை."

அவர் எனக்குப் பின்னாடி நின்ன வரிசையைப் பார்த்தாரு. "சரிப்பா, ஆபீஸுக்குள்ள வா, பேசிக்கலாம்."

"ஊதச் சொன்னது வாசல்லங்க. பேச்சும் வாசல்லயே இருக்கட்டும்."

பிசிறு எடுக்கிற கூட்டத்திலேர்ந்து ஒருத்தி, "மாஸ்டர், படத்தை இந்தப் பக்கம் திருப்புங்க, எங்களுக்குத் தெரியலை!" திருப்பினேன். முதலாளி தொண்டைக்குள்ளேயே, "தப்பா நினைச்சுட்டேன்"னாரு. அதே பொம்பளை, "பின்னாடி கேக்கலைங்க!" அவர் மறுபடியும் சத்தமாச் சொல்ல வேண்டியதாப் போச்சு. வெட்டு மெஷினைக் கீழே கொண்டுவந்து போடறேன், கால் தேறுற வரைக்கும் படி ஏற வேணாம்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு.

இத்தனை வருஷமா அந்தச் சட்டைக்காரரை மனசுக்குள்ள நிக்க வச்சு நான் கேட்ட கேள்வி எல்லாம் தப்பான கேள்வி, அக்கா. இதுக்கு மேல எழுத வரலை.

வியாழக்கிழமை அம்மாவை எனக்காகக் கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லு. முடியலைன்னா பரவாயில்லை.

தம்பி


அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்னாள். அம்மா வியாழக்கிழமை வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதையும் சேர்த்துப் பேசினாள். இப்போது உனக்கு உடம்பு முறித்துப் போட்ட மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள், அது போகும். நான் இப்போது மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறேன்.

உன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாள்: "அப்பாவின் உடம்பை நான் பார்த்ததில்லை, அதனால் அவர் நோய்க்கு நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் இந்தப் பிழை அவரிடமிருந்துதான் உங்கள் இருவருக்கும் வந்தது என்று எழுதித் தருகிறேன்." எழுதித் தந்தாள். அதை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் டிப்போவுக்குப் போனோம்.

அதிகாரி நல்ல பையன்தான். "அந்தக் காலத்து ஃபைலையெல்லாம் கரையான் தின்னுடுச்சும்மா, எதைத் திருத்தறது?" என்றான்.

அம்மா விட்டாளா? "ஃபைலைக் கரையான் தின்னுடுச்சு, உனக்கு வசதி. ஜனங்க தலைக்குள்ள இருக்கறதை எந்தக் கரையான் தின்னும்? டிரைவருங்க எங்க உட்காருவாங்க, காட்டு."

ஓய்வறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் வீட்டுக்காரர் இங்கே பஸ் ஓட்டினவர். குடிச்சுட்டு விழுந்தார்னு அனுப்பினீங்க. அவர் குடிக்கலை. அவர் உடம்புக்குள்ள கட்டி இருந்துச்சு. கேட்டுக்கோங்க." ஒருவன் சிரித்தான். அம்மா முதலிலிருந்து மறுபடி சொன்னாள், அதே வார்த்தைகள், இன்னும் உரக்க. ஓட்டுநராக இருக்கும் ஒரு பெண் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உட்கார வரலைம்மா" என்றாள் அம்மா.

அங்கே டியூட்டி நேரம் எழுதும் கரும்பலகை ஒன்று. கீழே சாக்பீஸ். எனக்குக் கை சும்மா இருக்குமா? உடைந்து கூடிய கையாலேயே, நல்ல பெரிய எழுத்தில், அப்பாவின் பேட்ஜ் நம்பரைப் போட்டு எழுதினேன்: "இவர் குடிக்கவில்லை. இவருக்கு இருந்தது நோய்."

அதிகாரி, "அழிச்சுடுவோம்மா, டியூட்டி எழுதணும்" என்றான்.

"அழியுங்கள். நாளைக்கு வந்து மறுபடி எழுதுவேன். நான் ஓய்வு பெற்றவள், எனக்கு வேறு வேலை இல்லை."

அழித்தார்கள். போனேன், எழுதினேன். மறுபடி அழித்தார்கள், மறுபடி போனேன். அந்த வாரக் கடைசியில் போனபோது என் எழுத்து அப்படியே இருந்தது. அதைத் தொடாமல் சுற்றிலும் நெருக்கி நெருக்கி டியூட்டி நேரங்களை எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் ஓட்டுநர், "அந்த இடத்தை விட்டுட்டு எழுதணும்னு பேசிக்கிட்டோம், டீச்சர்" என்றாள்.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

தெம்பு வந்ததும் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்க பிள்ளை எழுதறது. இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். அக்கா படிச்சுக் காட்டட்டும், நடுவுல விளக்கம் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க எப்படி இருக்கீங்க? கால்ல வீக்கம் இருக்கா? குளிருக்குப் போர்த்திக்கிறீங்களா?

கல்லு மாதிரி இருக்கேன்னு எழுதறதை விட்டுட்டேன். ரெண்டு மாசம் ரொம்பக் கஷ்டம். பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு அறைக்குள்ளேயே நடந்தேன். சோறு பிசையக் கை வராது. நானாச்சு அதாச்சுன்னு நடந்தேன். இப்போ வேலைக்குப் போறேன். வெட்டு மேசையில நிக்கிறேன், மெஷின் கத்தி கையில படாம இருக்க இரும்புக் கையுறை மாட்டிக்கிட்டு. பாதி நாள் நின்னுக்கிட்டு, பாதி நாள் ஸ்டூல்ல. வாசல்ல அந்தக் கருவி இப்போ ஆணியில தொங்குது. காவல்காரர் எனக்கு முன்னாடி எழுந்து நின்னுடறாரு. உட்காருங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு.

முகம் சுருங்கிப் போச்சு. என் சட்டையெல்லாம் வெட்டித் தள்ளிட்டுப் புதுசா அளவு போட்டுத் தைச்சேன். பிசிறு எடுக்கிறவங்க, "மாஸ்டர் வரலையா, தம்பியை அனுப்பிட்டாரா?"ன்னு கேலி பண்றாங்க.

அம்மா, அப்பா சட்டையை நேத்துப் போட்டுப் பார்த்தேன். தொளதொளன்னு தொங்குது. பிடரியில நீங்க வச்ச ஒட்டு காத்துல நிக்குது. இதைப் பிடிச்சுத் தைக்க எனக்கு அரை மணி நேரம் ஆகாது. ஊசிகூடக் கோத்துட்டேன். அப்புறம் வச்சுட்டேன். அது அப்பாவோட அளவு. அதுல நான் ஒரு தையலையும் தொட மாட்டேன், யாரையும் தொட விட மாட்டேன்.

சட்டையை உங்களுக்கே திருப்பி அனுப்பறேன். அக்காவோட கரும்பலகையைக் கரையான் தின்னாலும் இது இருக்கட்டும். நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க பொறந்து வளர்ந்து கேட்டா விரிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் நீங்க இருக்கணும். இருப்பீங்க, அந்த வாய்க்கு யாரு எதிர்ல வருவா?

தபாலாபீஸ் மூடறதுக்குள்ள போகணும். ஒரு கையில அப்பா சட்டைப் பொட்டலம், இன்னொரு கையில இந்தக் கடிதம். ஊன்ற எனக்குக் கை இல்லை. எழுந்திருக்கறேன்.

உங்கள் மகன்